மாஷிமாவுக்குக் கதை சொன்ன சாயங்காலம்

நியூ டவுனில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் பெங்காலி அம்மாளை மாஷிமா என்றுதான் கூப்பிடுவேன், பெரியம்மா முறை. ஒரு சனிக்கிழமை மாடியேறி வந்தார்.

"ஜாதவ்பூர் பக்கத்தில் ஒரு ஆர்ட் கேலரியில் பழைய பிரிட்டிஷ் படம் போடுகிறார்கள். கீறலெல்லாம் எடுத்துப் புதுசாக்கிய பிரிண்டாம். படத்தில் பேசுவது எனக்குப் புரியாது, நீ கூட வா. உனக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே!"

வங்கி வேலையில் நான் பேசும் இங்கிலீஷ் 'இங்கே ஒரு கையெழுத்து' என்பதைத் தாண்டியதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கேலரியில் ஒரு சுவரிலிருந்த ஓவியங்களைக் கழற்றிவிட்டுத் திரை கட்டியிருந்தார்கள். ஏசி குளிருக்கு முன்வரிசைக்காரர் ஒருவர் குரங்குக் குல்லாவே மாட்டிக்கொண்டார். படம் பளிச்சென்று இருந்தது. கதாநாயகன் கோட்டில் நூல் பிரிந்திருந்தது வரை தெரிந்தது. பேச்சுதான் பிடிபடவில்லை. எல்லோரும் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டே பேசினார்கள். சப்டைட்டிலும் கிடையாது.

"என்ன சொல்கிறான்?" மாஷிமா என் காதைக் கடித்தார்.

"சரியாப் புரியலை, மாஷிமா."

"ரொம்ப அடக்கம் வேண்டாம், சொல்லு."

அந்த ஆணும் பெண்ணும் ஒரு பெரிய வீட்டைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். அண்ணன் தங்கை, சொத்துத் தகராறு என்றுதான் நான் நிஜமாகவே நினைத்தேன். அப்படியே சொன்னேன். அதன்பின் கதை தானாக வளர்ந்தது. வீடு தங்கைக்கே என்று அப்பா எழுதிய உயிலைக்கூட நானே சேர்த்தேன். பக்கத்து நாற்காலிப் பெண்மணியும் என் பக்கம் சாய்ந்து கேட்க ஆரம்பித்தார்.

படம் முடிந்து கலந்துரையாடல். மாஷிமா கையைத் தூக்கி எழுந்தார்.

"தங்கைக்கு அவன் வீட்டைக் கொடுத்திருந்தால், அவள் ஏன் ரயிலேறிப் போகிறாள்?"

நிகழ்ச்சியை நடத்திய பெண் திகைத்தாள். "மாஷிமா, அவர்கள் கணவன் மனைவி."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அதற்குள் பின்வரிசையில் ஒரு தாடிக்காரர் துள்ளி எழுந்தார். "அதுதானே விஷயம்! அந்தக் கல்யாணத்தில் அண்ணன் தங்கை உறவைத் தவிர வேறென்ன இருந்தது?"

அவ்வளவுதான். கேலரியே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீ ஆறிப்போனது, சண்டை ஆறவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் மெதுவாக ஆரம்பித்தேன். "மாஷிமா, நான் சொன்ன கதை..."

"தெரியுமே. அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி அவன்மேல் எறிந்தாளே, அப்போதே தெரிந்துவிட்டது. எந்தத் தங்கை அண்ணன்மேல் மோதிரத்தை எறிவாள்?"

"அப்புறம் ஏன் எழுந்து கேட்டீங்க?"

"நீ சொன்ன கதையில் அந்த அண்ணன் செய்தது அநியாயமில்லையா? யாரிடமாவது கேட்க வேண்டாமா?"

குரலில் கோபம் இன்னும் அடங்கவில்லை.