தோளில் மாட்டியிருந்த கணினி

பழைய ஆர்கேட் சண்டை விளையாட்டு ஒன்றை அதைவிடப் பழைய வீட்டுக் கணினியில் ஓடும்படி நானும் என் தம்பியும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம். நிரல் என் வேலை. பூச்சோங் அலுவலகத்திலும் அதைத்தான் செய்கிறேன். பண்டமாரானில் இருக்கும் தம்பி துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறான். அடி, உதை, விழும் விதம் எல்லாம் அவன் சொல்லித்தான் வைத்தேன்.

சின்ன வயதில் கிள்ளானில் காசு போட்டு ஆடிய பெட்டியில், வாள் கழுத்தில் இறங்கினால் ரத்தம் பீய்ச்சியடிக்கும். எங்கள் கணினியின் திரையிலோ ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் இரண்டு நிறம்தான் வரும். ரத்தம் தெறித்தால் வெட்டியவன் முகமும் சேர்ந்து சிவந்துவிடும்.

“பரவால்ல கா, அப்படியே விடு லா. பார்க்க பயமா இருக்கு,” என்றான் தம்பி.

ப்ரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் எங்களைப் போன்ற பழைய கணினிப் பிரியர்கள் கூடுவார்கள். அவர்களிடம் காட்ட ஒரு ஞாயிறு மதியம் போனோம். கணினி இருந்த பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். தம்பி காரைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் பையைப் பிடித்து இழுத்தான். வார் கழுத்தை இறுக்கியது, கழற்ற முடியவில்லை. தார்ச்சாலையில் முழங்கால், முழங்கை எல்லாம் தேய நான் இழுபட்டேன். நின்றிருந்த வேனில் மோதி வண்டி சாய்ந்தது. ஓட்டியவன் எழுந்து ஓடிவிட்டான். பையைப் பிடித்தவன் காலில் வண்டி விழுந்து கிடந்தது.

தம்பி ஓடி வந்தான். ஓடியவன் விட்டுப்போன ஹெல்மெட்டை எடுத்துக் கீழே கிடந்தவன் முகத்தில் அடித்தான். மறுபடி அடித்தான். பல் உடைந்தது கேட்டது. அடிபட்டவன் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கை மேலேயே அடி விழுந்தது.

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் ஓடிவந்து, “தம்பி, விடுப்பா, செத்துருவான்,” என்று தோளைப் பிடித்தார். அவரையும் தள்ளினான். நான் தவழ்ந்து போய்ப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவன் முழங்கை என் உதட்டைக் கிழித்தது.

“போதும்டா. நான் உசிரோடதான் இருக்கேன்.”

அப்போதுதான் நிறுத்தினான். திரும்பிப் பார்த்த அந்த முகத்துக்கு நான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் எங்களுக்கு எதிர்க் கட்டிலிலேயே அந்தத் திருடனைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போலீஸ்காரர். தாடை உடைந்து வீங்கிய வாயால் கேட்டான்:

“பைல என்ன அண்ணே இருந்துச்சு?”

“பழைய கம்ப்யூட்டர். கேம் ஆடுறது,” என்றான் தம்பி.

“அதுக்கா இப்படி அடிச்சீங்க?”

“நீ இழுத்துட்டுப் போனது என் அக்காவ.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவர் பக்கம் திரும்பி அழுதான். தம்பியும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. ஈரத் துணியால் அவன் விரலிடுக்கில் காய்ந்த ரத்தத்தைத் துடைத்தேன்.

“நீ பிடிக்கலன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன் கா,” என்றான் மெல்ல.

“தெரியும்,” என்றேன்.

போலீஸ் எங்கள் இருவரிடமும் வாக்குமூலம் வாங்கியது. பையை இழுத்தவன் மீது வழக்கு நடக்கிறது. தம்பியையும் விசாரித்து எச்சரித்து அனுப்பினார்கள். கணினி இரண்டாகப் பிளந்திருந்தது. நிரலின் நகல் வீட்டில் இருந்ததால், வேறொன்று வாங்கி விளையாட்டை முடித்தேன். அடுத்த கூட்டத்துக்குத் தம்பி கையில் மாவுக்கட்டோடு வந்தான். எல்லோரும் திரையைச் சுற்றி நிற்க, அவன் மட்டும் படிக்கட்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.