சீனி டப்பாவுக்குப் பின்னால்

கெசியாவுக்குச் சர்க்கரை வியாதி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பாளையங்கோட்டையில் அவள் குடியிருக்கும் தெருவில் இதை நம்புவதற்கு ரொம்ப நாள் ஒரு ஆள் கிடையாது.

ஏரலில் பிறந்தவள், வயது நாற்பத்திரண்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். இனிப்பு என்றால் உயிர். டீக்கு மூன்று கரண்டி சீனி போட்டு, கலக்கிய கரண்டியையும் நக்கிவிட்டுத்தான் கீழே வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சீனி டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைத்துப் பார்த்தார். மருமகள் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தாள். அப்படிப்பட்டவளை ஊரே கூடி எட்டு மாதம் சீனியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த கதை இது.

சர்க்கரை வந்தது அவள் கணவன் ரிச்சர்டுக்கு. ரிச்சர்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறான். வண்ணார்பேட்டை, குலவணிகர்புரம், மேலப்பாளையம் என்று தினமும் இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். அவனுக்கு முன்னால் அந்த வேனை ஓட்டிய பரமசிவன், சர்க்கரை இறங்கிப்போய் ஸ்டியரிங்கிலேயே மயங்கினார். நல்லவேளை, வண்டி ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு தாளாளர் பாக்கியசீலன் ஐயா சட்டம் போட்டுவிட்டார்: சர்க்கரை உள்ளவன் கையில் வேன் சாவி கிடையாது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ரத்தப் பரிசோதனைத் தாளை ரிச்சர்ட் நான்காக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தான். அங்கே வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவனுக்கு என்ன நம்பிக்கையோ!

"மக நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது, கெசியா" என்றான். அவளும் சரி என்றாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்தாள். டீயில் சீனிக்குப் பதிலாகப் போட, மருந்துக்கடையில் சின்னதாக ஒரு வெள்ளை டப்பா வாங்கி வந்தான். அழுத்தினால் ஒரு வில்லை விழும். இரண்டு வில்லை போட்டால் ஒரு டம்ளர் டீ இனிக்கும், உடம்பில் சர்க்கரை ஏறாது. அந்த டப்பாவைச் சீனி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

மாட்டியது அவர்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில். பெண்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தாளாளர் சம்சாரமும் வந்திருந்தார். ரிச்சர்ட் வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். டீ போட ஒத்தாசை செய்கிறேன் என்று அடுப்படிக்குள் வந்தார் எதிர்வீட்டு அன்னபாக்கியம் டீச்சர். ஓய்வு பெற்றவர், உதவி செய்யாமல் இருக்கத் தெரியாதவர். அவருக்கே இருபது வருடச் சர்க்கரை, போன வருடம்தான் புண் ஆறாமல் ஒரு கால்விரலை எடுத்தார்கள். சீனியை எடுக்கப்போனவருக்கு, பின்னால் இருந்த அந்த டப்பா என்னவென்று தெரியாமல் இருக்குமா?

"ஏட்டி, இது யாருக்கு?"

கெசியா வாசலைப் பார்த்தாள். ரிச்சர்டின் கை ஒரு செருப்பின் மேலேயே நின்றது.

"எனக்குத்தான் டீச்சர்" என்றாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த பிசகு. பிறந்ததிலிருந்து சபையில் இருப்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்களிடம் ஒரு வியாதியைச் சொன்னால் அது வியாதியாக நிற்காது, ஜெபக்குறிப்பு ஆகிவிடும். அன்றைக்கு முடிவு ஜெபத்திலேயே அவள் பெயர் வந்தது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில், வியாதியஸ்தருக்காக வேண்டும் வரிசையில், ஒலிபெருக்கியில் வந்தது. திங்கட்கிழமை சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பெண் பாகற்காய் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கெசியாவுக்குத் தனி டம்ளர், தனி டீ, இரண்டு வில்லை. முதலில் இனிக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் பின்னால் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும். கல்யாண வீட்டில் பாயாச வாளி அவள் இலைக்கு நேரே வந்தது. "அக்காவுக்கு வைக்காதீங்க" என்று மூன்று குரல்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கெல்லாம் கேக், அவளுக்கு வறுத்த நிலக்கடலை. எல்லாம் பாசம்தான். பாசத்திடம் கோபப்பட முடியாது என்பதுதான் அதில் பெரிய கஷ்டம்.

தன் வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் டீ குடித்தாள். மூன்று கரண்டி சீனி அவளுக்கு, இரண்டு வில்லை அவனுக்கு. ஒருநாள் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள். டீச்சர் உள்ளே வந்துவிட்டார். பதறிப்போய் இருவரும் டம்ளரை மாற்றிக்கொண்டார்கள். கெசியாவின் டீயை ரிச்சர்ட் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். முகத்தில் வேறு அத்தனை சந்தோஷம்! டீச்சர் போனபிறகு கெசியா அவனைத் திட்டித் தீர்த்தாள். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது. கருப்பட்டி மிட்டாயைத் தையல் மிஷின் இழுப்பறையில் ஒளித்துவைத்துத் தின்ன வேண்டிய பிழைப்பு ஒரு பிழைப்பா?

எட்டாவது மாதம், சபையில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. வேனுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று ரிச்சர்ட் தப்பித்தான். கெசியாவை டீச்சர் கையோடு பிடித்துக்கொண்டுபோய் உட்காரவைத்தார். விரலில் குத்தினார்கள். தொண்ணூற்று நான்கு.

"ஸ்தோத்திரம்!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பினார். எட்டு மாத ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. குருவானவர் நிதானமான மனிதர், "எதுக்கும் டாக்டரை ஒருவாட்டி பாரும்மா" என்றுதான் சொன்னார். ஆனால் சுற்றி நின்றவர்கள் விடவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில், சுகம் கிடைத்ததைக் கெசியா எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்வது என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் ரிச்சர்டின் பின்னாலேயே நடந்தாள்.

"பொய்ச்சாட்சிங்க அது. கோயில்ல நின்னு எப்படிச் சொல்லுவேன்?"

"ரெண்டு வார்த்தைதான். சொல்லிட்டு உக்காந்திரு."

"நீங்க தாளாளர்ட்ட உண்மையைச் சொல்லிருங்க."

"சொல்லிட்டு? நாளைக்கு எந்த வண்டியை ஓட்ட?"

இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஒரே வலைக்குள் கிடந்தார்கள்.

ஞாயிறு வந்தது. கெசியா மைக்குக்கு முன்னால் நின்றாள். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரிச்சர்ட் குனிந்திருந்தான். "உங்க எல்லாருடைய ஜெபத்தினால எனக்குச் சுகம் கிடைச்சுது" என்றாள். குரல் நடுங்கியது. சபை அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டது. தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். இனி எந்த முகத்தோடு ஜெபம் செய்வேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் டீ. இரண்டு பெரிய கேன். ஒன்றில் சீனி போட்டது, மற்றதில் போடாதது, பக்கத்தில் ஒரு தட்டில் வில்லைகள். டீச்சர் சீனி டீயில் இரண்டு டம்ளர் பிடித்துக்கொண்டு பைய நடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தாட்டி. இன்னைக்கு நீயும் நானும் இதைத்தான் குடிக்கோம்."

"நீங்க எதுக்கு டீச்சர் சீனி டீ?"

"உனக்குச் சுகம் குடுத்தவரு எனக்குத் தரமாட்டாராட்டி? உன் ரிசல்ட்டைப் பார்த்த மறுநாளே மாத்திரையை எல்லாம் நிப்பாட்டிட்டேன். ஆறு நாளாச்சு. விசுவாசம்னா முழுசா இருக்கணும்லா?"

கெசியாவின் பார்வை தானாகக் கீழே போனது. டீச்சரின் செருப்புக்குள் நான்கு விரல்.

"டீச்சர், நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு என்னைக்குமே சர்க்கரை கிடையாது. அந்த டப்பா என்னோடது இல்ல."

டீச்சர் சிரித்தார். "சாட்சி சொன்ன வாய்லயே பிசாசு சந்தேகத்தைப் போடுவான். நீ பயப்படாத."

"சத்தியமாச் சொல்லுதேன் டீச்சர்."

பக்கத்தில் நின்ற பாக்கியசீலன் ஐயா சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "அப்ப அது யாரோடதும்மா?"

கெசியா சற்றுத் தள்ளி நின்ற ரிச்சர்டைப் பார்த்தாள். நீங்களே சொல்லிவிடுங்கள் என்றுதான் பார்த்தாள். ரிச்சர்ட் வந்தான். கெசியாவின் கையிலிருந்த சீனி டீயை வாங்கி, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தான்.

"அவ சும்மா சொல்லுதா ஐயா. ரெண்டு நாளாத் தூங்கல, மனசு கலங்கிக் கிடக்கு."

"பாத்தியா" என்றார் டீச்சர் நிம்மதியாக. தன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

கெசியா அதைப் பிடுங்கினாள். பாதி டீ டீச்சரின் சேலையில் கொட்டியது, மீதியை மண்ணில் ஊற்றினாள்.

"இவருக்கு உள்ளது ஐயா. எட்டு மாசமா இவருக்குத்தான். மாத்திரை எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாருங்க. டீச்சர், நீங்க வீட்டுக்குப் போன உடனே மாத்திரையைப் போடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

ரிச்சர்ட் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தாளாளர் அவனை வெகுநேரம் பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பார்.

"நாளைக்கு வேனை எடுக்காண்டாம். ஆபீசுக்கு வா" என்றார்.

டீச்சர் ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போனார். கெசியா கூடவே போய், அவர் மாத்திரையை விழுங்கும்வரை நின்றாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ரிச்சர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செய்வதற்கு வேறு ஒன்றும் தோன்றாமல் கெசியா டீ போட்டாள். அவனுக்கு இரண்டு வில்லை, தனக்கு மூன்று கரண்டி சீனி. கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டு மாதப் பழக்கத்தில் கதவைச் சாத்த எழுந்தாள்.

"திறந்தே கிடக்கட்டும்ட்டி" என்றான் ரிச்சர்ட். "இனி எதை ஒளிக்க?"

அவள் வந்து உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் டீயும் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.