அம்மாள் வந்து போனவை பாக்கலாம்

1. குசினிக்குள் வந்த அழைப்பு

ஓய்வு பெற எனக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பகல், திருகோணமலை நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் நின்று முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பொரித்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பப் பொரிக்கிறார் என்பது என் குற்றச்சாட்டு. சட்டியின் நிறமே சாட்சி சொல்லியது. ஆனாலும் மனிதர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையில் பாதி நேரம் இப்படித்தான் போகும். அந்தச் சண்டைகளை நினைத்தால் இப்போது எனக்கு ஆசையாக இருக்கிறது.

அந்த நேரம் எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி தொலைபேசியில் வந்தார். அவர் இளம் பெண். எங்கள் பணிமனைக்கு வந்து ஒரு வருடம்தான். அநாவசியமாக ஒரு சொல் கதைக்கமாட்டார்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"கடை ஒண்டில, டொக்டர்."

"விட்டிட்டு உடன சல்லிக்கு வாங்கோ. கிளினிக்குக்கு ஒரு கர்ப்பிணித் தாய் வந்தவ, ஏழு மாதம். புருஷன் கப்பல்ல வேலை. வெளிநாட்டில இருந்து வந்து ஒன்பது நாள். அம்மாள் எண்டு வீட்டில வச்சிருக்கினமாம். உள்ளங்கையிலயும் போட்டிருக்கு எண்டு சொல்லுறா. எனக்கு அது கொப்புளிப்பான் மாதிரித் தெரியேல்ல."

எனக்கு உடனே ஒரு அழைப்பு நினைவுக்கு வந்தது. மூன்று நாளைக்கு முன், அம்மாள் கோயில் உள்ள கடலோர ஊரான சல்லியில் இருந்து ஒரு அம்மா எனக்கு அழைப்பு எடுத்திருந்தார். அவரைப் பரமேஸ்வரி அம்மா என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. டெங்கு பார்க்கப் போகும்போது என் இலக்கத்தை ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தேன்.

"ஐயா, மகனுக்கு அம்மாள் வந்திருக்கு. முத்துப் போட்டு ஒரு நாள். என்ன செய்யிறது?"

"வீட்டில ஆருக்கு முந்தி வந்து போனது, அம்மா?"

"எனக்கும் மருமகளுக்கும் சின்னனில வந்தது."

"அப்ப அம்மாள் வந்து போனவை பாக்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ. மற்றவை கிட்டப் போகவேண்டாம்."

முப்பத்தொரு வருடமாக நான் சொல்லிவந்த பதில் அது. சனங்கள் அம்மாள் என்று சொல்லும் கொப்புளிப்பானுக்கு, அதாவது சின்னம்மைக்கு, அது சரியான பதிலும்கூட; ஒருமுறை வந்தவருக்கு அது அநேகமாகத் திரும்ப வராது. எங்கள் சனங்கள் அதை என்னைவிட முந்தியே அறிந்தவர்கள். அதனால்தான் வேப்பிலை கட்டிய வீட்டில் நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்யும் வேலை, முகத்தில் பழைய தழும்பு உள்ளவருக்குப் போகிறது. நான் கேட்காமல் விட்டது இரண்டு கேள்வி. மகன் எங்கேயிருந்து வந்தவர்? மருமகள் என்ன நிலையில் இருக்கிறார்? இரண்டையும் கேட்க அரை நிமிடம் போதும். அன்று போனை வைத்துவிட்டு நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டேன்.

2. முத்தைத் தொட உத்தரவு

உத்தியோகம் கிடைத்த புதிதில் துறைமுகத்தில் வேலை செய்தவன் நான். கப்பல் ஏணியில் ஏறி மாலுமிகளின் தடுப்பூசிப் புத்தகம் பார்ப்பேன். எலி ஏறாமல் கயிறுகளில் தகடு மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஏணியில் நின்றால் குடா முழுவதும் தெரியும். மேலே கப்பல் குசினியில் நல்ல தேத்தண்ணியும் கிடைக்கும். வெளிநாட்டு நோய் கப்பலில்தான் வரும் என்று அந்த நாளில் மண்டையில் ஏற்றிக்கொண்டேன். இந்த நோயோ விமானத்தில் வந்து, பஸ் பிடித்து, மாலுமியின் உடம்போடு வீட்டுக்கே போயிருந்தது.

பரமேஸ்வரி அம்மாவின் வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. டொக்டரும் நானும் கையுறை, முகக்கவசம், மேலங்கி எல்லாம் உள்ளே போய்த்தான் போட்டோம். வாசலில் நின்று போட்டால் ஒழுங்கை முழுக்கத் திரண்டுவிடும்.

மகன் ரமணன் அறைக்குள் பாயில் கிடந்தார். முப்பது வயது சொல்லலாம். டொக்டர் அவரைப் பார்த்தபடியே எனக்குச் சொல்லித் தந்தார்.

"கொப்புளிப்பான் எண்டா ஒண்டு புதுசா இருக்கும், ஒண்டு உடைஞ்சிருக்கும், ஒண்டு காய்ஞ்சிருக்கும். இவருக்கு ஒரு இடத்தில எல்லாம் ஒரே பருவம், பாத்தீங்களோ? உள்ளங்கை, உள்ளங்கால். கழுத்திலயும் அரையிலயும் நெறி கட்டியிருக்கு. முத்துப் போட முதலே காய்ச்சல் வந்திருக்கு. ஆனா கண்ணால பாத்து முடிவு சொல்ல ஏலாது. சுவாப் எடுக்கவேணும்."

சுவாப் என்பது பஞ்சு சுற்றிய குச்சி. அதால் கொப்புளத்தை அழுத்தித் தேய்த்து எடுத்து, கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பி.சி.ஆர். செய்யவேண்டும். இரத்தத்தில் பார்த்தால் பிடிபடாமல் போகலாம். கொப்புளத்துக்குள்தான் கிருமி நிறைய இருக்கும். குறைந்தது இரண்டு இடத்தில் எடுக்கவேண்டும்.

டொக்டர் குச்சியை எடுத்ததும் பரமேஸ்வரி அம்மா அறை வாசலை மறித்து நின்றுவிட்டார். ஒல்லி மனுஷி. ஆனால் வாசல் நிறைந்துபோனது.

"அம்மாளின்ரை முத்தை நோண்டி எடுக்கப் போறியளோ? இந்த ஊரில, அவ குடியிருக்கிற ஊரில நிண்டு? பிள்ளையின்ரை கண்ணை எடுத்துப் போடுவா."

டொக்டர் வைரஸ் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கினார். நான் இடையில் புகுந்தேன்.

"அம்மா, அம்மாள் எண்டா ஒருக்கா வந்தவைக்குத் திரும்ப வரமாட்டா. அது உங்களுக்குத் தெரியும். இது அவ இல்லை, வேற ஒண்டு எண்டா, உங்களுக்கும் வரும், மருமகள் சுகந்திக்கும் வரும். வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாத வருத்தம் அது. எடுத்துப் பாத்தாத்தான் ஆரெண்டு தெரியும்."

சுகந்தி, மருமகள், குசினிக் கதவடியில் நின்றார். மூன்று நாளாகக் கணவனை வேப்பிலைத் தண்ணீரில் துடைத்தது அவர். கணவரின் படுக்கை விரிப்பை வெறுங்கையால் உதறித் தோய்த்ததும் அவர்தான். டொக்டர் சந்தேகப்பட்ட எம்பொக்ஸ், அதாவது குரங்கம்மை, காற்றில் ஊரைக் கடந்து போகிற நோய் அல்ல. தோலோடு தோல் படவேண்டும், அல்லது நெருங்கி முகத்துக்கு முகம் நெடுநேரம் இருக்கவேண்டும், அல்லது நோயாளியின் துணி, விரிப்பு படவேண்டும். அது பரவுவதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் அந்தப் பிள்ளை என் சொற்கேட்டுச் செய்திருந்தார்.

பரமேஸ்வரி அம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தார். சுவாமிப் படத்தடிக்குப் போனார். கற்பூரம் கொளுத்தி, மஞ்சள் துணியில் நேர்த்திக்கு ஒரு குத்திக் காசை முடிந்து வைத்து, வாய்க்குள் எதையோ நெடுநேரம் கதைத்தார். திரும்பி வந்து வாசலை விட்டு விலகினார்.

"உத்தரவு கேட்டிட்டன். எடுங்கோ. மெதுவாத் தொட்டு எடுத்துப்போட்டுப் பிறகு காணாது எண்டு திரும்ப வராதையுங்கோ. எடுக்கிறதை ஒரேயடியா எடுங்கோ."

டொக்டர் கையில் ஒன்று, முதுகில் ஒன்று, அரையில் ஒன்று எடுத்தார். நான் குழாய்களை மூடி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறையில் இட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் டொக்டருக்குக் கோபம் வந்தது. "ஏழு மாதக் கர்ப்பிணியை இவரைப் பாக்க ஆர் விட்டது? ஆர் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். பரமேஸ்வரி அம்மா என்னை ஒருக்கால் பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல, டொக்டர். அது எங்கட வழமை."

நான் வாயை மூடிக்கொண்டேன். சேவைக் காலத்தில் நான் வெட்கப்பட்ட இடங்கள் சில உண்டு. அவற்றில் இதுதான் பெரியது.

3. சிரட்டை கவிழ்த்த மாதம்

ரமணனோடு தனியாகக் கதைப்பது என் வேலை. தாயையும் மனைவியையும் வெளியே வளவுக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன். நெருக்கமாக யாருடன் பழகினார், எங்கே படுத்தார், யாருடைய துவாயைப் பாவித்தார் என்றெல்லாம் கேட்கவேண்டும். வீட்டாரை வைத்துக்கொண்டு கேட்டால் கிடைப்பது பொய்தான். "தம்பி, நான் எழுதப்போறது வருத்தம் வந்த வழியை. உங்களைப் பற்றி இல்லை" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாம் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெறலாம், அந்த இரகசியங்களில் இருந்து ஓய்வு பெற ஏலாது.

அவரை அம்புலன்சில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தோம். இரண்டு நாளில் முடிவு வந்தது. எம்பொக்ஸ்தான்.

இனிச் சுகந்தி. கொப்புளம் வந்தால்தான் சுவாப் எடுக்கலாம். வராதவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடைசியாகத் தொட்ட நாளில் இருந்து இருபத்தொரு நாள். ஒவ்வொரு நாளும் காய்ச்சல் பார்க்கவேண்டும், தோலைப் பார்க்கவேண்டும். தாயையும்தான். "நான் போறன்" என்று நானே கேட்டு எடுத்தேன்.

ஒரு சுகாதாரப் பரிசோதகர் ஒரே வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் போனால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் டெங்கு பார்க்க வந்தேன் என்று ஒழுங்கை முழுவதும் ஏறி இறங்கினேன். அந்த வீடு அதில் ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொரு வளவிலும் தண்ணீர் தேங்கும் சிரட்டை, டயர், பூச்சாடி. மூன்றாம் நாள் ஒரு மீன்பிடிகாரர் கேட்டார்: "ஐயா, நுளம்பு எங்கட ஒழுங்கையில மட்டுமோ பெருகுது?" அந்த மாதம் அங்கே ஒரு சிரட்டைகூட நிமிர்ந்து கிடக்கவில்லை. திருகோணமலையில் அதைவிடச் சுத்தமான ஒழுங்கை அப்போது இருந்திருக்காது.

எனக்கு அந்த நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. காலை எட்டு மணி வெயில், கரைவலை இழுக்கிற சத்தம், பரமேஸ்வரி அம்மா ஆறடி தள்ளி வைக்கும் கதிரை. சுகந்தி வெப்பமானியைத் தானே வைத்துப் பார்த்துத் தூரத்தில் நின்று காட்டுவார். "முப்பத்தாறு தசம் எட்டு, ஐயா." நான் புத்தகத்தில் எழுதுவேன். எழுதும்போதெல்லாம் அந்தத் தொலைபேசிக் கதை நெஞ்சில் வந்து குத்தும்.

பதின்மூன்றாம் நாள் காலை நான் படலையைத் திறக்க முதலே சுகந்தி கையை நீட்டிக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் ஒரு சின்னக் கொப்புளம்.

"இரவு இருக்கேல்ல, ஐயா. விடியத்தான் பாத்தனான்." அவர் கையை இறக்கவில்லை. "பிள்ளைக்கு என்னாகும்? உள்ளதைச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாது, பிள்ளை. முடிவு வரட்டும்." அது ஒன்றுதான் என்னிடம் இருந்த உண்மை.

டொக்டர் அரை மணிக்குள் வந்துவிட்டார். இந்த முறை கற்பூரம் இல்லை. பரமேஸ்வரி அம்மா கையுறை கேட்டு வாங்கிப் போட்டு, மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "அழுத்தி எடுங்கோ, டொக்டர்" என்றார். சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அடுத்த இரண்டு நாளும் நான் சோறு சாப்பிட்டதாக நினைவில்லை. வீட்டில் மனைவி என்ன என்று கேட்டார். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் பகல் டொக்டர் கதவடியில் நின்று, "நெகட்டிவ். வெறும் வேர்க்குரு" என்றார். பணிமனைக்குப் பின்னால் உள்ள தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது மனுஷன்.

4. கடைசி நாள்

இருபத்தோராம் நாள் வெப்பமானி முப்பத்தாறு தசம் ஏழு காட்டியது. மாமி, மருமகள் இருவருக்கும் ஒரு பரு இல்லை. ரமணனுக்கும் பொருக்கு எல்லாம் விழுந்து புதுத் தோல் வந்திருந்தது. அடுத்த கிழமை வீட்டுக்கு விடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுகந்தி உள்ளே போய் உரத்து அழுவது கேட்டது. அது வேறு அழுகை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு பதிலை ஆயிரம் முறை சொல்லி, அது ஆயிரம் முறையும் சரியாக இருந்திருந்தால், ஆயிரத்தோராவது முறை பயந்து சொல்லுங்கள். ஆள் யார், எங்கிருந்து வந்தார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுப் பரமேஸ்வரி அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு போனில அந்தப் பிள்ளையைப் பாக்கச் சொன்னது நான். பிழை என்ரை. நாளைக்கு டொக்டரிட்டை எழுத்தில குடுக்கப் போறன்."

"ஓம், குடுங்கோ. இனிக் குடுத்தாப் பரவாயில்லை."

"அப்ப அண்டைக்கு ஏன் மறைச்சனீங்கள்?"

அவர் முற்றத்தில் வேப்பிலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"சொல்லியிருந்தா உங்களை விலத்திப்போட்டு வேற ஆளை அனுப்பியிருப்பினம். அவர் ரெண்டு நாள் வருவார், பிறகு போனில கேப்பார். பிழை விட்ட ஆளெண்டா ஒரு நாளும் தவற விடமாட்டார். எனக்கு என்ரை பிள்ளையளைப் பாக்க அப்பிடி ஒரு ஆள்தான் வேணும் எண்டிருந்தது, ஐயா."