கேட் புத்தகத்தில் என் இருமல்

வீரமுத்துவுக்கு நான் முப்பத்து மூன்று வெள்ளி கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், இன்று செனாயில் ஏழு லோரிக்கு முதலாளி. வங்கியைத் தவிர எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் என் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா வீரமுத்துவுக்கு இரண்டு மாதம் கடனாளி. அந்த மனிதர் வாங்கினால்தானே! "இருமல் நின்னாதான் காசு மொதலாளி. நிக்காத இருமலுக்குக் காசு வாங்குனா அது மருந்தா, தண்ணி வியாபாரமா?"

காவல் கூண்டுக்குப் பின்னால் இரண்டு சாய டின்களில் கற்பூரவல்லி வளர்க்கிறார். வீட்டிலேயே அந்த இலையோடு இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபிறகு தேன் விட்டு, சின்னப் போத்தலில் கொண்டுவருவார். போத்தல் மூன்று வெள்ளி. "கொதிக்கிறதுல தேன ஊத்துனா வீண்லா. அதுக்குச் சீனியே போட்டுக்கலாம்."

கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மூடி, காதை மட்டும் நம் பக்கம் வைப்பார். "இப்ப இருமுங்க." இருமினேன். "காஞ்ச இருமல். சளியே இல்ல. தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு."

கேட் புத்தகத்தில் லோரி நம்பரும் நேரமும் எழுதுவது அவர் வேலை. அவரோ காதில் விழுந்ததையெல்லாம் எழுதுகிறவர். 'லோரி 3 வெளியே, 8.10. மொதலாளி இருமல் 14.' ஒருநாள் பார்த்துவிட்டுத் திட்டினேன். பாதித் திட்டிலேயே இருமல் வந்துவிட்டது. அவர் அமைதியாகப் பதினான்கைப் பதினைந்தாகத் திருத்தினார்.

என் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருமி இருமியே போனவர். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம் என்றார்கள், இருமலோ நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்ததை யாரிடமும் சொல்லவுமில்லை. வீரமுத்துவின் போத்தல், மனைவி கொடுத்த உப்புத் தண்ணீர், சீனன் கடைப் பேரிக்காய்ச் சாறு, டிரைவர் கொடுத்த மஞ்சள் பால், எல்லாவற்றையும் ஒரே நாளில் குடித்தேன். வீரமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! நாலு லோரியும் ஒண்ணா ஹாரன் அடிச்சா, எந்த லோரின்னு எப்படி மொதலாளி கண்டுபிடிக்கிறது?" அன்றோடு மற்றதெல்லாம் நிறுத்தம்.

பதினோராவது போத்தல் தீர்ந்த மறுநாள் புத்தகத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. பிப்ரவரி நாலு, உங்க காரு கிளினிக் போயிருக்கு. புது பிரஷர் மாத்திர கொடுத்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. பத்தாம் தேதி மொத இருமல். அதுக்கு முந்தி ஒண்ணுகூட இல்ல. பதினோரு போத்தல் குடிச்சும் நம்பர் எறங்கல."

"அப்ப உன் மருந்து என்னய்யா ஆச்சு?"

"தொண்டைய நனைக்கும், அவ்வளவுதான். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட இந்தப் புத்தகத்தக் காட்டுங்க."

நாற்பது வருஷத் தொழிலில் என் லோரி சரியில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. இந்த மனிதர் தன் சரக்குக்குத் தானே சாட்சி சொல்கிறார், அதுவும் எதிர்ச்சாட்சி! குழம்பியபடியே புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் படித்தார். அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்குமாம். வேறு எழுதிக் கொடுத்தார். அடங்க நாளாகலாம் என்றார். அதுவரை தொண்டை நனையட்டும் என்று வீரமுத்து தன் வீட்டுப் பிளாஸ்கிலிருந்து அதே கற்பூரவல்லித் தண்ணீரைச் சும்மாவே ஊற்றிக் கொடுத்தார்.

புத்தகத்தில் இருமல் வாரா வாரம் இறங்கியது: பதினொன்று, ஆறு, இரண்டு. நான்காம் வாரம் சுழியம். டிரைவர்களை மூச்சுவிடாமல் திட்டினேன், மனசு குளிர்ந்தது. ஆனால் நிறுத்தியது மாத்திரை மாற்றமா, கற்பூரவல்லியா? இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட எனக்கு இன்றும் தெரியாது.

பணத்தோடு கூண்டுக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "புது மாத்திரதானே நிறுத்துச்சு? நான் எப்படி மொதலாளி வாங்குறது?"

"நின்னா காசுன்னு சொன்னது யாரு? உன் மருந்து நிறுத்துனாதான் காசுன்னா சொன்ன? இருமல் நின்னுச்சா, இல்லையா?"

புத்தகத்தைப் புரட்டி, கடைசிச் சுழியத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார். மூன்று பத்து வெள்ளி, அதன்மேல் மூன்று ஒற்றை வெள்ளி, எண்ணி எண்ணி வைத்தேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மூடி, காதை என் பக்கம் வைத்திருந்தார்.