இருமல்காரன் வரும் சத்தம்

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க, மகள் பிரிக்பீல்ட்ஸ் கடையிலிருந்து ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சும்மா ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். காற்று புஸ்ஸென்று வெளியேறியது, கூடவே புது ரப்பர் வாசனையும். வலி ஒரு பக்கம் கிடக்க, எனக்குக் கிள்ளான் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. என் வயதில் ஞாபகம் வருவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய கிள்ளானைச் சொல்கிறேன். அப்போது ஊர் முழுக்கக் கொசு பஸ்தான். ஏழெட்டுப் பேர் உட்காரலாம், ஏறுவதென்னவோ அதற்கு மேல். கோழிக் கூடைகள் தனிக் கணக்கு. மரக்கூடு, மழைக்கு இறக்கிவிடக் கித்தான் படுதா, டிரைவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பித்தளைக் குழல். அதன் நுனியில் ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் ஹாரன். பஸ்ஸுக்குப் பஸ் குரல் மாறும். ஒன்று வாத்து மாதிரி கத்தும், ஒன்று ஜலதோஷம் பிடித்த ஆசாமி மாதிரி.

நான் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ராவுத்தரின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொண்டிருந்தேன். துணி அடுக்கைப் பார்த்து நின்றால் முதுகு தெருவுக்கு. திரும்பித் திரும்பித் தெருவைப் பார்த்தால் முதலாளி, "கண்ணு அங்கே, கஜக்கோல் இங்கே, வியாபாரம் எங்கே?" என்பார். அதனால் காதாலேயே பஸ் பார்க்கப் பழகினேன். கடையின் அஞ்சடியில், அதுதான் கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை, தையல் மிஷினோடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் கண்ணப்பன். நான் திரும்பாமல் பஸ்ஸின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றோ "போய்யா" என்றோ தீர்ப்புச் சொல்வார். பெயரெல்லாம் நாங்கள் வைத்ததுதான். கியர் மாற்றும்போது இருமி இருமி ஏறுவது இருமல்காரன். புது டயரும் புதுச் சாயமுமாக மினுக்குவது மாப்பிள்ளை. இரண்டும் ஒரே முதலாளியின் வண்டிகள். இருமல்காரன் பந்திங் சாலையில் ஓடும், மாப்பிள்ளை துறைமுகத்துக்கு ஓடும். பெரிய வித்தை கற்றுவிட்டதாக எனக்கு அப்போது தலைக்கனம். மாமனார் வீட்டில்கூட இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், நல்லவேளை யாரும் காது கொடுக்கவில்லை.

மாமனார் வீடு என்றேனே, அது பந்திங் சாலையில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதுதான் ரப்பர் தோட்டத்தில், இருந்தது. தலைப்பிரசவத்துக்கு என் மனைவி பாக்கியம் அங்கேதான் போயிருந்தாள். எனக்குக் கடையில் லீவு இல்லை, தோட்டத்தில் போன் இருக்கும் ஒரே இடம் துரை பங்களா. இருமல்காரனின் டிரைவர் சாமிக்கண்ணு அண்ணனிடம் சொல்லி வைத்தேன்.

"கவலைப்படாத தம்பி. ஆணோ பொண்ணோ, நல்ல சேதின்னா முக்குல திரும்புறப்பவே மூணு தடவ அமுக்குறேன். நீ துணியக் கிழிச்சிக்கிட்டே கேட்டுக்கலாம்" என்றார்.

கெட்ட சேதி என்றால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவில்லை. அதையெல்லாம் வாயால் சொல்வார்களா?

ஒரு நாள் விடிய விடிய மழை. காலையில், வலி எடுத்துவிட்டதென்று தோட்டத்து ஆள் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் எத்தனை சேலையைத் தப்பாக மடித்தேனோ. வெயில் சற்றுச் சாய்ந்தபோது முக்கில் அந்த இருமல் கேட்டது. அப்புறம் ஹாரன். ஒன்று. இரண்டு. மூன்று.

"இருமல்காரன்!" என்று கத்தினேன். திரும்பவில்லை. ஆட்டத்தின் விதி அப்படி, தலைக்கனமும் அப்படி.

கண்ணப்பன் கொஞ்சம் கழித்து, "பஸ்ஸு சரிதான்" என்றார்.

ராவுத்தரே பக்கத்துக் கடைக்கு ஆளனுப்பிக் கற்கண்டு வாங்கிக் கொடுத்தார். நான் வெளியே வருவதற்குள் பஸ் கிளம்பிப் போயிருந்தது. அஞ்சடி நெடுகக் கொடுத்துக்கொண்டு போனேன். வெற்றிலைக் கடைக்காரர், தேத்தண்ணிக் கடை ஆட்கள், துணி வாங்க வந்த மலாய்க்கார அம்மா, எல்லோருக்கும். பெண் என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கண்ணப்பன் மட்டும் வாங்கிய கற்கண்டை வாயில் போடாமல் மிஷின் மேசையில் வைத்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். புது டயர் தெருவில் உராயும் சத்தம். "மாப்பிள்ளை!" என்று முன்னைவிட உரக்கச் சொன்னேன். தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. யாரோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரும்பினால் சாமிக்கண்ணு அண்ணன், தலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பாக்கியம் நல்லாருக்கு தம்பி. புள்ளதான் தங்கல. பொம்பளப் புள்ள."

ராத்திரி மழையில் தோட்டத்துச் சாலை சேறாகிவிட்டதாம். அதனால் பஸ் முதலாளி புது டயர் வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, இருமல்காரனைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அதை ஓட்டி வந்தவன் வேறு ஆள். முக்கில் குறுக்கே நின்ற மாட்டுவண்டிக்குத்தான் மூன்று தடவை அமுக்கியிருக்கிறான்.

நான் "சரிண்ணே" என்றேன். மலாய்க்கார அம்மாவுக்குக் கிழிக்க வேண்டிய துணி பாக்கியிருந்தது. அளந்து, கிழித்து, மடித்துக் கொடுத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. ராவுத்தர் போகச் சொன்ன பிறகு மாப்பிள்ளையிலேயே ஏறினேன். சேற்றில் சறுக்காமல் நன்றாகத்தான் ஓடியது.

பாக்கியம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் காலடி கேட்டுத் திரும்பினாள்.

"பஸ்ல எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றேன். கற்கண்டு கொடுத்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

பிறகும் பஸ்கள் வந்தன, போயின. எது எதுவென்று காதுக்குத் தெரிந்தது. வாயால் சொல்லத் தோன்றவில்லை, கண்ணப்பனும் கேட்கவில்லை. ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன் விடைபெற வந்தவர், "அன்னிக்கு ஓட்டிட்டு வந்தது சாமிக்கண்ணு இல்லேன்னு நான் பாத்தேன். நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்றார். கோபப்படவேண்டுமா, கும்பிடவேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது அந்த முக்கில் போக்குவரத்து விளக்கு. கொசு பஸ்களைப் பெரிய கம்பெனி பஸ்கள் விழுங்கின. ஜவுளிக் கடை இருந்த வரிசையில் ஒரு பேங்க் நிற்கிறது. கண்ணப்பன் திரும்பி வரவில்லை. பாக்கியமும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

எங்களுக்கு அதன் பிறகு நாலு பிள்ளைகள். கல்யாண வீடுகளில் யாராவது, "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டால், பாக்கியம் உடனே பதில் சொல்லமாட்டாள். ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, பிறகுதான் "நாலு" என்பாள். பக்கத்தில் இருந்தால் நானும் அவளோடு சேர்ந்து நிறுத்துவேன். இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். சேர்ந்து நிறுத்த ஆளில்லை, நான் உடனே "நாலு" என்று சொல்லிவிடுகிறேன்.