ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்

வியாழனும் வெள்ளியும் விடுமுறையாக இருந்த காலம். குவைத் அப்பாசியாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் துணைச் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. வருடா வருடம் பொதுக்குழு நடக்கும், முடிந்ததும் நான் குறிப்பு எழுதுவேன். அந்த வருடம் மட்டும் குறிப்பை முதலில் எழுதச் சொன்னார்கள், கூட்டம் பிறகு நடந்தது.

வியாழக்கிழமை தலைவர் என்னைத் தன் கடைக்கு வரச்சொல்லி ஒரு தாளை நீட்டினார். புதிய நலச் செயலாளர் "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று அதில் இருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வாடகைக் கார் கம்பெனி வைத்திருப்பவர். பொங்கல் விழா மேடை, பாட்டுக் கச்சேரி எல்லாம் அவர் செலவு. பதிலுக்கு ஒரு நாற்காலி வேண்டாமா?

"நாளைக்குத்தானே தலைவரே எலெக்ஷன்?" என்றேன்.

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு சார். நீங்க நோட்டுல அழகா ஏத்திருங்க. ஆங், உங்க வீட்டம்மா டீச்சர் வேலை விஷயமா ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கேன்."

அழகாக ஏற்றினேன்.

நலச் செயலாளர் என்பது என்ன பெரிய பதவி என்று தோன்றலாம். சங்கத்தின் லெட்டர்பேடில் தூதரகத்துக்கு எழுதும் அதிகாரம் அவருக்குத்தான். அதற்காகவே இன்னொருவரும் போட்டியிட்டார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கிரேன் ஆபரேட்டர், ஊருக்கு வெளியே ஒரு லேபர் கேம்ப்பில் இருந்தார். அவருடைய ரூம்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலைக்கு எடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டைத் தரவில்லை, ஊருக்கும் அனுப்பவில்லை. சங்கத்தின் கடிதம் போனால் காரியம் சீக்கிரம் நடக்கும். அந்த மனிதருக்கு வேண்டியது அந்த ஒரு கடிதம்தான்.

அவருக்குக் கைதூக்க கேம்ப்பிலிருந்து நாற்பது பேர் வருவதாக இருந்தது. நோட்டீஸில் ஐந்து மணி. தலைவர் நாலேகாலுக்கே மைக்கைப் பிடித்துவிட்டார், ஹாலைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்த தேர்தல் முதலில் வந்தது. முன்வரிசை கைதட்டியது. ஜனநாயகம் முடிந்து கேசரி வந்தது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேம்ப் பஸ் சரியாக ஐந்து மணிக்கு வந்து நின்றது. தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக, கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் போல இறங்கினார்கள். என்னை வாசலில் மேஜை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாட்டு டோக்கன். கிரேன் ஆபரேட்டர் முதலில் போட்டார், பின்னால் வரிசையாக மற்றவர்கள். தீர்மானம் எழுதியிருந்த அதே நோட்டுதான். அதற்கு அடுத்த பக்கத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன், அது தீர்மானத்துக்குச் சம்மதமாகிவிடும் என்று தெரிந்தே.

கிரேன் ஆபரேட்டர் என்ன நினைத்தாரோ, பக்கத்தைப் புரட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எலெக்ஷன் முடிஞ்சிருச்சா சார்?"

"முடிஞ்சிருச்சு."

"ஏகமனதுன்னா?"

"எல்லாருக்கும் ஒரே மனசு."

"என் மனசுமா சார் இதுல இருக்கு?"

என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை அடித்துவிட்டு டோக்கனை மேஜைமேல் வைத்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. யாராவது என் சட்டையைப் பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். "நாங்களே கையெழுத்துப் போட்டு எம்பசில குடுத்துக்கிறோம். விஷயத்தை இங்கிலீஷ்ல நீங்க எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். நாற்பது பேரும் போட்டார்கள். கடைசியில் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க சார். சங்கத்து ஆளும் இருக்காருன்னு மதிப்பாங்க."

தலைவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்தவன்போல வாங்கி, மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.