சுவரில் எழுதிய பாஸ்வேர்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கம்ப்யூட்டரைப் பற்றி இவள் எழுதுவதா என்று விவரம் தெரிந்தவர்கள் நினைக்கலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்கிற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜில், பதினாறு வருடமாக வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். வீடு இலஞ்சியில். கையெழுத்து அழகாக இருந்ததால் கிடைத்த வேலை. நான் அதிகம் பேசமாட்டேன் என்பதை முதலாளி குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாரல் தொடங்கி அறைகள் நிரம்பிவிட்டால் என் பாடு திண்டாட்டம். தலை துவட்டாமல், கையில் பஜ்ஜியோடு வந்து எல்லோரும் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். “பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?” என்பார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும்.

அதனால் மூன்று வருடங்களுக்கு முன், சீசனுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டரிடம், காம்பவுண்டு சுவரில் ‘வெந்நீர் உண்டு’ என்பதற்குக் கீழே பாஸ்வேர்டையும் எழுதச் சொன்னேன். அவர் அதைச் சிவப்பில் முழ உயரத்துக்கு எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு யார் கேட்டாலும் பேனாவால் சுவரைக் காட்டினால் போதும். நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏழாம் நம்பர் அறைப் பெண் லேப்டாப்போடு மேஜைக்கு வந்தார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்.

“அக்கா, இது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதுதானுங்களே?”

அவர் திரையில் என்னுடைய ஃபோல்டர் திறந்திருந்தது. அறை எடுப்பவர்களின் ஆதார் அட்டைகளை ஸ்கேன் செய்து அதில்தான் வைப்பேன். அவர் மாமியாரின் அட்டை முதலில் இருந்தது.

“நான் ஒண்ணும் உடைக்கலீங்க. வைஃபைல சேர்ந்ததுமே தெரியுது. ஆபீஸ், ரூம் எல்லாம் ஒரே லைன். ஃபோல்டருக்குப் பூட்டே இல்ல.”

மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் தெரியட்டும் என்று அப்படித் திறந்து வைக்கச் சொன்னதும் நான்தான். அவர் வைஃபை பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்தார். கடையிலிருந்து வந்த நாளில் இருந்த பெட்டியின் கடவுச்சொல்லை யாரும் மாற்றவே இல்லை. இப்போது எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டினார். நாற்பத்தேழு. அறைக்கு இரண்டு என்று வைத்தாலும் இருபத்துநான்குதான். மிச்சமெல்லாம் சுவரைப் பார்த்துச் சேர்ந்தவை. அதில் ஒரு டிவியும் இருந்தது. எங்கள் அறை டிவிகள் எல்லாம் பழையவை; அவற்றுக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது.

“யாராவது இதையெல்லாம் எடுத்திருப்பாங்களா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க அக்கா. எடுக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஓனர்கிட்டச் சொல்லியாகணும். நான் சொல்லட்டுங்களா, நீங்களே சொல்றீங்களா?”

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். இந்த மேஜையை விட்டால் என்னைப் போன்றவளுக்கு வேறு எந்த மேஜை இருக்கிறது?

“நானே சொல்லுதேன்” என்றேன். சொல்லிவிட்டு முதல் வேலையாக வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

“யக்கா, சுவத்துல இருக்கதத்தான் போடுதேன். வரமாட்டேங்கு” என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

மங்குஸ்தான் விற்கும் அம்மாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஏட்டி, எம் மவ துபாயிலேருந்து பேசிக்கிட்டு இருந்தா. வாயத் தொறந்தபடியே நிக்கா பாரு.”

“அத்தை, இப்பமாவது நீங்க பேசுங்க. அவ எதுத்துப் பேச மாட்டால்லா” என்றார் ஆட்டோக்காரர்.

சிரிப்பு அடங்குவதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து குடையோடு முதலாளி வந்தார். கிரிக்கெட் இருந்தால் அவர் இருப்பு அங்கேதான்.

“கடைசி ஓவர் தாயி, டிவி நின்னுபோச்சு. அவன் நெட்டு லெச்சணம் அப்படி. நம்ம நெட்டு ஓடுதுல்லா?”

“அண்ணாச்சி, அவரு நெட்டும் நம்ம நெட்டுதான்” என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. சுவர், பூட்டாத ஃபோல்டர், அட்டைகள், எல்லாம் என் யோசனைதான் என்பது வரை, அத்தனை பேர் முன்னாலும் சொல்லி முடித்தேன்.

முதலாளி டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மூணு வருசமா ‘ஒன் நெட்டு பிரமாதம்டே’ன்னு அவன்கிட்டயே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவனும் வெக்கமில்லாம தலைய ஆட்டியிருக்கான்.”

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“அட்டை விசயம் சிரிக்கதுக்கு இல்ல. தங்கியிருக்கவங்க எல்லார்ட்டயும் நீயே போய்ச் சொல்லிரு. பழைய ஆளுவளுக்குப் போன் போட்டுரு.”

“நாளைக்கு மேஜைல யாரு அண்ணாச்சி?”

“நீதான். இவ்ளோ சத்தமாப் பேசுவேன்னு பதினாறு வருசமாத் தெரியாமப் போச்சே.”

பன்னிரண்டு கதவுகளையும் தட்டினேன். முதல் கதவில் இரண்டு தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதாம் அறைக்காரர் கோபப்பட்டார், அது நியாயம்தான். ஏழாம் அறைப் பெண் என்னோடு வந்து, ஆதாரில் கைரேகையை எப்படிப் பூட்டி வைப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தார். பதினோராம் அறையில் என்னை உட்காரவைத்து முறுக்குத் தந்தார்கள். கடைசிக் கதவு வரும்போது எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணும் நானும் மேஜையில் உட்கார்ந்தோம். ஊருக்குப் போய்விட்டவர்களுக்குப் போன் போட நம்பர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களின் அட்டைகளை அழித்தோம். அவற்றை அத்தனை நாள் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மிச்சமிருந்த ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்டு, ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்து அலமாரியில் வைத்தோம். வைஃபை பெட்டிக்கும் வைஃபைக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்தார். விருந்தினருக்குத் தனி லைன் பிரித்துக் கொடுத்தார். அதில் வருகிறவர்களுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் கண்ணிலேயே படாதாம். ரூம் புக்கிங் என்று மெயிலில் எது வந்தாலும், அனுப்பியவர் யாரென்று தெரியாமல் திறக்கக் கூடாது என்றார். நான் அதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

“சுவத்துல எழுதிராதீங்க அக்கா” என்றார்.

இருட்டுவதற்குள் நானே ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்து, பாஸ்வேர்டு மீது அடித்தேன். பூவை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் சாரலில் சுண்ணாம்பு கரைந்து பழைய பாஸ்வேர்டு மறுபடி தெரிந்தது. டீக்கடைக்காரர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். இணைப்பு கிடைக்கவில்லை.